பறக்கும் முன்பே தடுப்பது: கொசுப் புழு ஒழிப்பு, புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக்கில் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வீடு சன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். தாழ்வாரத்தை வெள்ளைப் புகை மூடும். எண்ணெய் வாடை அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் யாராவது ஒருவர் நிம்மதியாகச் சொல்வார்: "புகை அடிச்சாச்சு, இனிமே கொசு இருக்காது."

இது பாதி உண்மைதான். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால்தான் புகை அதைக் கொல்லும். சன்னலைச் சாத்திய வீட்டுக்குள், அலமாரித் துணி மடிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒதுங்கிய கொசு தப்பிவிடும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டை கொசுவுக்கு வீட்டுக்குள் இருப்பதுதான் பிடிக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று உண்டு. பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையையும் தண்ணீருக்குள் கிடக்கும் புழுவையும் புகை எட்டவே எட்டாது. இன்று நூறு கொசு செத்தால், நாளையும் நாளன்றைக்கும் தண்ணீரிலிருந்து அடுத்த அணி கிளம்பி வரும். புகைக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தில் டெங்கி தீவிரமாகப் பரவும்போது, கிருமியைச் சுமந்து திரியும் கொசுக்களை உடனே குறைக்க அது உதவும். ஆனால் கொசு உற்பத்தியை அதனால் நிறுத்த முடியாது.

உற்பத்தியை நிறுத்தும் வழிதான் இந்தக் கட்டுரையின் பொருள்: கொசுவைப் புழுவாக இருக்கும்போதே ஒழிப்பது.

ஏன் புழு?

காரணம் மிகவும் எளியது. பறக்கும் கொசுவைத் தேடிப் பிடிக்க வேண்டும். புழு எங்கேயும் போகாது. அது பிறந்த வாளியிலோ தட்டிலோ சாடியிலோ அடைபட்டுக் கிடக்கிறது. எந்தத் தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் ஒரே வீச்சில் மொத்தக் கூட்டத்தையும் தீர்த்துவிடலாம். ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை இடும். அந்த நூறும் பறக்க ஆரம்பித்த பிறகு தனித்தனியாகத் துரத்துவதைவிட, ஒரே தட்டில் இருக்கும்போது கவிழ்ப்பது சுலபம் என்பதை விளக்கத் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். சிங்கப்பூர் வெப்பத்தில் முட்டை பொரிய ஓரிரு நாள் போதும். வெளிவரும் புழு நான்கு தடவை தோல் உரித்து வளர நான்கைந்து நாள். பிறகு கூட்டுப்புழுவாக இரண்டு நாள். அதன் முதுகு பிளந்து கொசு வெளியே வந்து, தண்ணீர்ப் பரப்பிலேயே சற்று நின்று, இறகு காய்ந்ததும் பறந்துவிடும். ஆக, ஏழு நாளிலிருந்து பத்து நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீரைப் பார்க்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர் ஒரு தலைமுறையையே பறக்கவிட்டிருப்பார்.

கணக்கைக் குழப்பும் ஒரு சங்கதி முட்டையில் இருக்கிறது. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டவைக்கும். கறுப்பு மிளகுத்தூளைவிடச் சிறிய புள்ளிகள். பார்த்தால் அழுக்கு என்றே நினைப்போம். தண்ணீர் வற்றிப்போனாலும் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, மறுபடி மழை பெய்து நனைந்ததும் பொரியும். வாளியைக் கவிழ்த்துவிட்டேனே, எப்படிப் புழு வந்தது என்று திகைப்பவர்களுக்கு இதுதான் பதில். கவிழ்த்தால் போதாது, விளிம்பையும் உள்சுவரையும் ஸ்க்ரப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

புழுவைப் பார்ப்பது எப்படி?

தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளம் இது. கைப்பேசி விளக்கைத் தண்ணீரின் மேல் சாய்வாக அடியுங்கள். ஏடிஸ் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். வாலருகே உள்ள சிறு குழாயின் நுனி மட்டும் தண்ணீர்ப் பரப்பைத் தொட்டிருக்கும். அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. உங்கள் நிழல் விழுந்தாலோ பாத்திரத்தை லேசாகத் தட்டினாலோ, எஸ் எழுத்தைப்போல வளைந்து வளைந்து அடிக்கு இறங்கிவிடும். நாம் அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் மூச்சுக்காக மேலே வந்தே ஆக வேண்டும். புழுவுக்கு இடையே காற்புள்ளி வடிவில் சுருண்ட, தலை பெருத்த ஒன்று துள்ளித் துள்ளி நீந்தினால் அது கூட்டுப்புழு. அதைக் கண்டால் உங்களுக்கு மிஞ்சியிருப்பது அதிகம்போனால் இரண்டு நாள்.

கூட்டுப்புழுவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு: அது எதையும் சாப்பிடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் கொட்டுங்கள்

புழுக்கொல்லி மருந்து என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். கொட்டக்கூடிய தண்ணீருக்கு மருந்து தேவையே இல்லை. கொட்ட முடியாத தண்ணீருக்குத்தான் மருந்து. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் இந்த ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருந்தாலும் போதும்.

நம் வீடுகளில் கொட்ட வேண்டிய இடங்கள் எவை? 20 காசு நாணயத்தின் அளவுக்குத் தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் முட்டையிடும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு ஒன்றைச் சுற்றிவந்தால் பட்டியல் நீளும். வாசலில் பூ மிதக்கவிட்ட பித்தளை உருளி. துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. மணி பிளான்ட் போட்ட கண்ணாடிப் புட்டி. பூஜை அறையில் மறந்துபோன கும்பத் தண்ணீர். தீபாவளி முடிந்து தாழ்வாரத்து மூலையில் அடுக்கி வைத்த அகல்விளக்குகள். கழுவித் துடைக்காமல் அடுக்கினால் அடியில் இருப்பவற்றில் தண்ணீர் நிற்கும். மழைச் சாரலும் சேரும்.

உருளியைப் பற்றிப் பேசினாலே வீட்டில் சண்டை வரும். "தினமும் புதுப் பூ போடுறேன்ல, அப்புறம் என்ன?" என்பார் அம்மா. பூ மாறுகிறது, சரி. தண்ணீர்? "மேலாப்ல கொஞ்சம் ஊத்துவேன்" என்பார். குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டே வருவது கொசுவுக்கு மிகவும் வசதி: சுவரில் காய்ந்திருக்கும் முட்டையை நனைத்து எழுப்பிவிடும் வேலையை நாமே செய்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் முழுத் தண்ணீரையும் கொட்டி, உள்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் உருளியும் பளபளக்கும், முட்டையும் போகும்.

பலருக்குத் தெரியாத இடம் தொட்டி மண். மாதக்கணக்கில் கிளறாத மண் மேலே இறுகிப்போகும். ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் குட்டையாக நிற்கும். செடி பச்சையாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு பழைய கரண்டியால் மண்ணைக் கொத்திவிட்டால் சரியாகிவிடும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருகும் குழாய்கள் இருக்கும். கம்பு இல்லாத நேரத்தில் அவற்றில் மழைத் தண்ணீர் இறங்கும். மூடி போட்டுவிட வேண்டும்.

புழு உள்ள தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதும் முக்கியம். கால்வாயில் ஊற்றினால், அங்கே தண்ணீர் தேங்கியிருந்தால் புழு பிழைத்து அங்கேயே வளரக்கூடும். காய்ந்த தரையிலோ புல்லிலோ ஊற்றிவிட்டால் தண்ணீர் வற்றிப் புழு செத்துவிடும்.

கொட்ட முடியாத தண்ணீருக்கு மருந்து

தரைவீட்டுக் கூரை ஓரத்து நீர்வழி, கட்டுமானத் தளத்தில் மின்தூக்கிக்காகத் தோண்டிய பள்ளம், மூடி போட்ட கால்வாய், அலங்காரக் குளம், நிலத்தடிக் குழிகள். இவற்றைக் கவிழ்க்க முடியாது. இங்கேதான் புழுக்கொல்லி வருகிறது. அது வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தால் மூன்று வகை: புழு தின்று சாவது, புழுவை வளரவிடாமல் தடுப்பது, மூச்சை அடைப்பது.

முதல் வகையில் இன்று அதிகம் பேசப்படுவது பி.டி.ஐ. இது வேதிப்பொருள் இல்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது முழுப்பெயர். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கொசுப் புழுக்கள் கொத்தாகச் செத்துக் கிடப்பதை யோயல் மார்கலித் என்ற விஞ்ஞானி கவனித்தார். அந்தக் குட்டையிலிருந்து பிரித்தெடுத்ததுதான் இந்தப் பாக்டீரியா.

அது கொல்லும் விதம்தான் அழகு. தீனி குறைந்து உறக்கநிலைக்குப் போகும்போது இந்தப் பாக்டீரியா தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்கி வைக்கிறது. தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்னும் கொசுப் புழு, படிகத்தையும் சேர்த்து விழுங்குகிறது. புழுவின் குடல் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் படிகம் கரைந்து, புழுவின் செரிமான நொதிகளால் வெட்டுப்பட்டு நச்சாக மாறுகிறது. நச்சு குடல் சுவரின் செல்களைப் பற்றிக்கொண்டு அவற்றில் துளை போடும். புழு தின்பதை நிறுத்திவிடும்; சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் செத்துவிடும்.

"குழந்தை கை வைத்தால்? பூனை குடித்தால்?" என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. மனிதர், நாய், பூனை ஆகியோரின் வயிற்றில் அமிலம்தான், காரம் இல்லை. நச்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. மீனுக்கும் தேனீக்கும்கூட ஆபத்து இல்லை. கொசுவோடு நெருங்கிய சொந்தமான சில சிறு ஈ இனங்களின் புழுக்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும். அதற்காகச் சிறு பிள்ளை கைக்கெட்டும் இடத்தில் பொட்டலத்தை வைக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த மருந்துக்கும் உள்ள கவனம் இதற்கும் வேண்டும். இதில் ஒரே நச்சு இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நச்சுப் புரதங்கள் சேர்ந்து தாக்குகின்றன. அதனால் கொசு இதற்குப் பழகிப்போய்த் தப்பிப்பது கடினம்.

குறையும் உண்டு. பி.டி.ஐ.யைத் தின்றால்தான் சாவு. கூட்டுப்புழு சாப்பிடாது என்று சொன்னேன் அல்லவா? அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. கடைசிப் பருவத்துப் புழுவும் உருமாறும் நேரத்தில் தீனியை நிறுத்திவிடும், அதுவும் தப்பும். மருந்து போட்ட மறுநாள் அந்த இடத்திலிருந்து இரண்டு கொசு பறந்தால் மருந்து போலி என்று நினைக்க வேண்டாம். அவை முன்பே கூட்டுப்புழுவாகிவிட்டவை. வெயில் பட்டாலும் அழுக்குத் தண்ணீரில் போட்டாலும் இதன் வீரியம் சீக்கிரம் குறையும். துகள்கள் அடியில் படிந்தாலும் மேல்மட்டத்தில் தீனி தேடும் புழுவுக்கு எட்டாது. எனவே ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடாது. குருணையா, திரவமா, மெல்ல மெல்லக் கரையும் வில்லையா என்பதைப் பொறுத்து எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது மாறும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவையும் நாளையும் அப்படியே பின்பற்றுங்கள்.

இரண்டாவது வகை, வளர்ச்சியைக் குழப்பும் மருந்துகள். மெத்தோபிரீன், பைரிபிராக்சிஃபென் ஆகியவை இந்த ரகம். பூச்சிகளின் உடலில் 'நீ இன்னும் குழந்தைதான்' என்று சொல்லும் ஒரு ஹார்மோன் உண்டு. இந்த மருந்துகள் அதைப் போலவே நடிக்கும். புழு வளரும், கூட்டுப்புழுவும் ஆகும், ஆனால் கொசுவாக வெளியே வராது. இதில் பார்ப்பவருக்கு ஒரு சங்கடம்: மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதும் தண்ணீரில் புழு நெளிந்துகொண்டுதான் இருக்கும். பைரிபிராக்சிஃபென் மிக மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வதால் ஒரு தந்திரம் சாத்தியமாகிறது. பொறிக்கு வரும் பெண் கொசுவின் காலில் மருந்துத் தூளை ஒட்டவிட்டு அனுப்பினால், அது முட்டையிடப் போகும் அடுத்த தண்ணீருக்கெல்லாம் மருந்தைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் கண்ணுக்குப் படாத இடமெல்லாம் கொசுவுக்குத் தெரியுமே.

மூன்றாவது எண்ணெய். தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, புழுவும் கூட்டுப்புழுவும் மூச்சுவிட முடியாதபடி செய்துவிடும். தின்னாத கூட்டுப்புழுவையும் கொல்வது இதன் பலம். கட்டுமானத் தளங்களில் வேலை செய்த நம் ஊர்த் தம்பிகளுக்கு எண்ணெய் தெளிப்பது பழக்கமான காட்சி. செடி, மீன் இருக்கும் இடத்துக்கு இது ஒத்துவராது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் 'அபேட்' மருந்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். டெமிபாஸ் என்ற வேதிப்பொருள் அது. மணலில் கலந்த குருணையாகவும் கிடைத்தது. பல நாடுகளில் ஏடிஸ் புழுக்கள் அதற்குப் பழகிவிட்டதால் பழைய பலன் கிடைப்பதில்லை.

கப்பி மீனையும் விட்டுவிடக்கூடாது. அலங்காரக் குளத்தில் நாலு கப்பி விட்டால் புழுவைத் தின்றுவிடும். ஆனால் வீட்டுத் தண்ணீர்ச் சாடிக்கு மீன் விட்டால் மீனுக்குத் தீனி யார் போடுவது? கொட்டிவிடுங்கள். மீனைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடாதீர்கள். உள்ளூர் உயிர்களுக்குத் தொல்லை.

பாதி வேலை ஏன் வீண்?

தொடக்கநிலையில் யாரும் சொல்லித்தராத ஒன்று: ஒரு தட்டில் 200 புழு இருக்கிறது, அதில் 100ஐக் கொன்றால் பறக்கும் கொசு பாதியாகக் குறையும் என்று தோன்றும். அப்படி ஆக வேண்டியதில்லை. சிறு பாத்திரத்தில் 200 புழுவுக்குத் தீனி போதாது. போட்டியில் பல தானாகவே செத்துவிடும், மிச்சம் நோஞ்சானாக வளரும். நாம் பாதியைக் கொன்றுவிட்டால் மீதிப் பாதிக்கு வயிறாரச் சாப்பாடு கிடைக்கும். அவை கொழுத்து, சீக்கிரம் வளர்ந்து, நிறைய முட்டையிடும் கொசுவாகும். மருந்தின் அளவைக் குறைத்துப் போடுவதும், நான்கு தட்டில் இரண்டை மட்டும் கழுவுவதும் இதனால்தான் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

இன்னொன்று, ஏடிஸ் பெண் கொசு தன் முட்டைகளை ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போவதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பல பாத்திரங்களில் பிரித்து இடும். உங்கள் பூச்சாடியில் பத்துப் புழு தெரிந்தால் அதே கொசுவின் மற்ற பிள்ளைகள் பக்கத்துத் தாழ்வாரத்திலோ கீழ்மாடியிலோ இருக்கக்கூடும்.

இதனால்தான் இது தனி ஒருவர் விவகாரமாக இருக்க முடியாது. பெரும்பாலான ஏடிஸ் கொசுக்கள் பிறந்த இடத்திலிருந்து 150, 200 மீட்டர் சுற்றுக்குள் இருந்துவிடும். ஒரு வீவக பேட்டையில் 200 மீட்டர் என்றால் எத்தனை புளோக், எத்தனை குடும்பம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். டெங்கிக் குழுமம் என்று அறிவிப்பதற்கும் ஏறக்குறைய இதே தூரம்தான் அளவு: 150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்கு நோய் கண்டால் குழுமம். 10 பேருக்குக் குறைவாக இருக்கும்வரை மஞ்சள் பதாகை. 10ஐ எட்டினால் சிவப்பு. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அந்தப் பதாகையைப் பார்த்திருப்பீர்கள். அதில் போட்டிருக்கும் எண்ணிக்கை உங்கள் புளோக்கை மட்டும் சேர்ந்தது அல்ல.

ஒரு புளோக்கில் 99 வீட்டார் வாரந்தோறும் துடைத்து வைத்து, ஒரே ஒரு வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால்? மொத்தப் பொறுப்பும் அந்த ஒரு வீட்டில் வந்து நிற்கும். பொது இடங்களுக்கு நகர மன்றமும் அதன் ஒப்பந்த ஊழியர்களும் பொறுப்பு, கட்டுமானத் தளத்துக்குக் குத்தகையாளர், வீட்டுக்குள் நாம். அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்ப்பதும், புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு 200 வெள்ளி அபராதம் போடுவதும் எரிச்சலாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்குள் நாம் நுழைந்து பார்க்க முடியாதே, யாராவது ஒருவர் பார்க்கத்தானே வேண்டும் என்று யோசித்தால் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

இந்த மண்ணில் இது புதிதல்ல

1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட சில ஆண்டுகளிலேயே, மலாயாவின் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து, தண்ணீர் தேங்காமல் செய்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். 1901இல் தொடங்கிய வேலை அது. அடுத்த பத்தாண்டுகளில் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்கா போன்ற இடங்களிலும் வடிகால் வெட்டினார்கள், எண்ணெய் தெளித்தார்கள். அந்தக் கால நகராட்சியின் வடிகால், சாலை வேலைகளில் மண்வெட்டி பிடித்த கைகளில் பெரும்பங்கு தென்னிந்தியக் கைகள். 1982இல் சிங்கப்பூர் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஏடிஸ் வேறு ரகம். மலேரியாக் கொசு சதுப்பையும் ஓடையையும் தேடும். ஏடிஸ் நம் பூச்சாடியைத் தேடும். வடிகால் வெட்டி அதை ஒழிக்க முடியாது. 1960களின் பிற்பகுதியில் வீடு வீடாகப் புழு தேடும் வேலை ஆரம்பமானது. 1968இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1970களின் நடுவிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்கு டெங்கி நன்றாக அடங்கியிருந்தது. அப்புறம் ஏன் திரும்பியது? ஒரு காரணம், வெற்றியே. நோய் வராததால் மக்களிடம் எதிர்ப்புச் சக்தியும் இல்லாமல் போனது. கொஞ்சக் கொசு இருந்தாலே பரவும் நிலை. 2020இல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. சிங்கப்பூரில் அதுவரை காணாத எண்ணிக்கை. கொவிட் காரணமாக எல்லோரும் பகலில் வீட்டிலேயே இருந்த ஆண்டு அது. பகலில் வீட்டுக்குள் கடிப்பதுதான் ஏடிஸின் வழக்கம்.

தாழ்வாரத்தில் கறுப்பு வாளி போன்ற சிறு பொறி ஒன்றைப் பார்த்திருக்கலாம். கிராவிட்ராப் என்று பெயர். உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர். முட்டையிட வரும் பெண் கொசு பசைத்தாளில் ஒட்டிக்கொள்ளும். தப்பித்தவறி முட்டையிட்டாலும் வலைக்கு அடியில் பிறக்கும் கொசு வெளியே வர முடியாது. நாடு முழுக்க சுமார் 70,000 பொறிகள். எந்த வட்டாரத்தில் கொசு கூடுகிறது என்று காட்டிக்கொடுப்பது இவைதான். பிள்ளைகள் விளையாட்டாகத் திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016இல் பிரேடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் ஆகிய இடங்களில் தொடங்கிய வோல்பாக்கியா திட்டமும் ஒருவகையில் இதே யோசனைதான். இன்னும் ஒரு படி முன்னே போகிறது. வோல்பாக்கியா பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுவோடு சேர்ந்த பெண் கொசுவின் முட்டை பொரியாது. புழுவே வராது. ஆண் கொசு கடிக்காது என்பதால் தாழ்வாரத்தில் அவற்றைத் திறந்துவிடும்போது கொசுவர்த்தியைத் தேடி ஓட வேண்டியதில்லை. மருந்தடித்துக் கொன்றுவிடாதீர்கள், நம் பக்கம் வேலை செய்கிறவை அவை. ஆனால் இந்தத் திட்டம் நடக்கும் வட்டாரத்திலும் தட்டைக் கவிழ்க்கும் வேலை ஓயவில்லை. பெண் கொசு எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்றாக ஆண் கொசுவின் வேலை நடக்கும்.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது

பள்ளி விடுமுறையில் நான்கைந்து வாரம் ஊருக்குப் போகிற குடும்பங்கள் நம்மில் நிறைய. பூட்டிய வீட்டில் கொசு நிம்மதியாகப் பெருகலாம். கழிப்பறைக் கோப்பையில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மூடியைச் சாத்துங்கள், சேராத இடுக்கை டேப் போட்டு ஒட்டுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையின் அடியிலும் தண்ணீர் உண்டு. அதை மூடி வையுங்கள், அல்லது அதற்கென விற்கும் கொசுத்தடுப்பு வால்வைப் போடுங்கள். குளியல் வாளியைத் துடைத்துக் கவிழ்த்துவிடுங்கள். பூச்சாடியைக் காலி செய்யுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்கிறீர்கள் என்றால், தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள். தரைவீடு என்றால் கூரை நீர்வழியில் சருகை வாரிவிட்டு, மெல்லக் கரையும் பி.டி.ஐ. வில்லையைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், அதாவது கீழ்த்தளக் கால்வாய், காலியாகக் கிடக்கும் கடை, வேலை நின்றுபோன கட்டுமானத் தளம் போன்றவற்றில், ஒரு படம் எடுத்து ஒன்சர்வீஸ் செயலியில் அனுப்புங்கள். உங்கள் வட்டாரத்தில் டெங்கிக் குழுமம் உள்ளதா என்பதை மைஇஎன்வி செயலி காட்டும்.